நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை? ஆப்பிரிக்கக் கிராமங்களின் மரம் வளர்ப்புக்கு உதவ நினைப்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் வீட்டில் ஒரு பிறந்தநாளை ஒட்டி, ஆப்பிரிக்காவில் இருபது மரம் நடுவதற்கென்று பணம் அனுப்பினேன். அன்று மாலையே சான்றிதழ் வந்துவிட்டது. பச்சைக் கரை, நடுவில் பெயர், கீழே நன்றி. எந்த நாடு, எந்த ஊர், என்ன மரம் என்று ஒரு வரி இல்லை. பத்து மாதம் கழித்து, "எத்தனை பிழைத்தன?" என்று எழுதிக் கேட்டேன். பதிலாக இன்னொரு நன்கொடை வேண்டுகோள் வந்தது.

அனுப்பியது பெரிய தொகை இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன், கேட்டேன், கொஞ்சம் கற்றுக்கொண்டேன். புதிதாக இதில் இறங்குபவர்கள் என்னைப்போல் சான்றிதழோடு ஏமாறாமல் இருக்க, எதை முதலில் செய்வது, எதைக் கேட்பது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். நைஜர் நாட்டின் மராடிப் பக்கம் மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு முடிந்துவிடும், மீதி எட்டு மாதமும் வறட்சிதான். கென்யாவின் மலைநாட்டிலோ மார்ச் முதல் மே வரை ஒரு மழைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. ஓரிடத்தில் பிழைக்கிற கன்று இன்னோரிடத்தில் பிழைக்காது. எங்கே நடுகிறீர்கள் என்று கேட்டு, "சஹாராவுக்குத் தெற்கே" என்ற மாதிரி பதில் வந்தால் அந்த அமைப்பை அப்போதே விட்டுவிடலாம். மாவட்டத்தின் பெயராவது சொல்ல வேண்டும்.

ஆரம்பிப்பவர்களுக்குக் கென்யா வசதி என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கலாம், கிராம அளவில் பழைய குழுக்கள் இருக்கின்றன. நைஜர், புர்கினா ஃபாசோ பக்கம் பிரெஞ்சு தெரியாமல் கடிதப் போக்குவரத்து சிரமம். அங்கே நடுவில் ஒரு பெரிய அமைப்பு இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. மரம் இல்லாத இடமெல்லாம் காடு அழிந்த இடம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் பரந்த புல்வெளிகள் எத்தனையோ காலமாகப் புல்வெளிகளாகவே இருப்பவை. மாடும் மானும் அதை நம்பித்தான் வாழ்கின்றன. நீலகிரியின் புல்வெளிகளைக் யூகலிப்டஸும் வாட்டில் மரமும் நட்டு மூடியதால் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அதே தவறுக்கு அங்கே பணம் கொடுத்துவிடக் கூடாது. "இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?" என்று கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லும் அமைப்பு நல்ல அமைப்பு.

நடுவதற்கு முன் அடிக்கட்டையைப் பாருங்கள்

நான் கற்றதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நைஜரின் கதை. 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மராடிப் பகுதியில் மரம் நடும் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஊர்க்காரர்களுக்கும் அதில் ஆர்வம் இல்லை. 1983-இல் ஒருநாள், மணலில் வண்டி சிக்கக் கூடாதென்று டயரின் காற்றைக் குறைக்க வழியில் இறங்கினார். பக்கத்தில் ஒரு புதர். இலையை உற்றுப் பார்த்தபோதுதான், எப்போதோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர் அது என்று புரிந்தது. விவசாயிகள் வருடாவருடம் விதைப்புக்கு முன் நிலத்தைச் சுத்தம் செய்யும்போது அதை வெட்டுவார்கள், அது திரும்பத் துளிர்க்கும். வயல் முழுக்க மண்ணுக்கடியில் உயிருள்ள வேர்கள். நம் ஊரில் கரும்புக்கு மறுதாம்பு விடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

செய்முறை எளிது. கட்டையிலிருந்து வரும் இருபது முப்பது துளிரில் நேராக, திடமாக இருக்கும் மூன்று முதல் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். வைத்த தண்டுகளில் பாதி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பவும் இதையே செய்ய வேண்டும், ஆடுமாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் வறட்சியிலும் வளரும். கழித்த குச்சிகள் அன்றைக்கே அடுப்புக்கு ஆகும்.

இப்படி நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரங்கள் வரை திரும்ப வந்திருப்பதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பகுதி ஒரு விவசாயியைப் பார்த்து இன்னொரு விவசாயி செய்தது. தான்சானியாவின் டொடோமா பகுதியில் இதே முறைக்குச் சுவாஹிலியில் "கிசிகி ஹாய்" என்று பெயர், உயிருள்ள கட்டை என்று பொருள்.

ஆகவே அமைப்பிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: "அந்த நிலத்தில் உயிரோடு இருக்கும் அடிக்கட்டைகள் உண்டா?" உண்டென்றால் கன்று வாங்கப் பணம் கொடுப்பதைவிட, கவாத்துப் பயிற்சிக்கும், ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லித்தரும் முன்னோடி விவசாயியின் பயணச் செலவுக்கும் கொடுப்பது மேல். ஒரே குறை, கையில் கன்றோடு சிரிக்கும் புகைப்படம் கிடைக்காது.

வேரும் செத்துப்போன, மேற்பரப்பு ஓடுபோல் இறுகிப்போன நிலத்துக்கு வேறு வழி இருக்கிறது. புர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவாடோகோ என்ற விவசாயி, "ஸாய்" என்கிற பழைய குழிமுறையைச் செம்மைப்படுத்திக் காட்டினார். கோடையிலேயே வரிசையாகச் சிறு குழிகள் வெட்டி, தொழுவுரம் போட்டு வைப்பார். கறையான் வந்து மண்ணைத் துளைக்கும், முதல் மழை அந்தக் குழிகளில் நிற்கும். எருவில் கிடந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டார், பல வருடத்தில் அது காடானது. ஆரம்பத்தில் ஊரார் அவருக்குப் பைத்தியம் என்றார்கள். 2018-இல் ரினாடோவுக்கும் அவருக்கும் ஒரே மேடையில் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023-இல் அவர் காலமானார்.

மரம் யாருக்கு?

நைஜரில் மரம் பெருகியதற்குக் கவாத்து மட்டும் காரணம் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலச் சட்டப்படி மரமெல்லாம் அரசுக்குச் சொந்தம். தன் வயலில் இருக்கும் மரத்தை வெட்டினாலும் விவசாயி அபராதம் கட்ட வேண்டும். அப்புறம் எவன் துளிரைக் காப்பாற்றுவான்? மரமாகும் முன்பே வெட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 1980களின் நடுவில் அதிகாரிகள் கெடுபிடியைத் தளர்த்தி, வளர்த்தவனே பயனை எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்த பிறகுதான் விவசாயிகள் துணிந்தார்கள்.

இதனால் மூன்றாவது கேள்வி மரத்தின் சொந்தம் பற்றியது. நிலம் யாருடையது? கிளை வெட்ட, பழம் பறிக்க, கடைசியில் விற்க யாருக்கு உரிமை? பள்ளி நிலம், தனியார் வயல், அரசுக் காடு மூன்றுக்கும் பதில் வேறு வேறு. கென்யாவில் 2005-இன் வனச் சட்டத்துக்குப் பிறகு, காட்டை ஒட்டி வாழ்பவர்கள் சமூக வனச் சங்கமாகப் பதிவு செய்து வனத்துறையோடு ஒப்பந்தம் போட முடியும். அப்படி ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்கலாம்.

பெண்களின் நிலையைத் தனியாகவே கேளுங்கள். பல ஊர்களில் மரம் நடுவது நிலத்துக்கு உரிமை கோருவது மாதிரி. கணவன் வீட்டு நிலத்தில் பாடுபடுகிற பெண், அனுமதி இல்லாமல் ஒரு மாங்கன்று வைக்க முடியாது. ஆனால் விறகுக்கும் தண்ணீருக்கும் நடப்பவள் அவள்தான். வங்காரி மாத்தாய் 1977-இல் கென்யாவில் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியதே, விறகும் நல்ல தண்ணீரும் கிடைக்கவில்லை என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டுத்தான். பெண்கள் குழுக்களே விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, நட்டு வளர்த்தார்கள். படித்துப் பட்டம் வாங்கிய வனவர்கள்தான் மரம் வளர்க்க முடியும் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த இயக்கத்தின் கணக்கில் இன்று 5 கோடிக்கு மேல் மரங்கள். 2004-இல் மாத்தாய்க்கு நோபல் அமைதிப் பரிசு, அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்குத்தான் அந்தப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். சில சென்ட்தான். ஆனால் அந்தக் காசு எதற்கு என்பது எல்லோருக்கும் தெளிவாக இருந்தது.

அப்புறம் ஆடு. அறுவடை முடிந்ததும் வயல்களில் மேய்ச்சலுக்கு ஆடுமாடு வருவது, சஹாராவை ஒட்டித் தெற்கே நீளும் சாஹேல் என்ற வறண்ட பகுதி முழுக்க வழக்கம். நாடோடி மேய்ப்பர்களோடு பேசாமல் நட்ட தோப்பு அவர்கள் மந்தைக்கு விருந்து. ஊர்க் கூட்டத்தில், கென்யாவில் "பராசா" என்பார்கள், மேய்ப்பர்களும் உட்கார்ந்தார்களா என்று விசாரியுங்கள். வேலிக்குப் பணம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

என்ன மரம்?

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும் கதை ஒன்று உண்டு. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980களில் பாலைவனமாவதைத் தடுக்கவென்று ஒரு முள்மரத்தை நட்டார்கள். விறகு தரும், வறட்சி தாங்கும், நெற்றை ஆடு தின்னும் என்றார்கள். இன்று அது மேய்ச்சல் நிலத்தையும் ஏரிக்கரையையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இனிப்பு நெற்றைத் தின்று தின்று ஆடுகளின் பற்கள் கெட்டு உதிர்ந்தன. மக்கள் வழக்குப் போட்டபோது, பல்லில்லாத ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு "மதெங்கே" என்று பெயர். நம் ஊரில் சீமைக் கருவேலம்.

வறட்சி தாங்கும், வேகமாக வளரும் என்ற இரண்டு தகுதியை மட்டும் சொல்லி ஒரு மரத்தை யாராவது புகழ்ந்தால் எனக்கு அந்த ஆட்டின் நினைவு வந்துவிடும்.

நல்ல பட்டியல் கலந்துதான் இருக்கும். மண்ணுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று, விற்கவும் ஒன்று. நைஜரில் ஹவுசா விவசாயிகள் "காவோ" என்று சொல்லும் மரம் மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், கோடையில் துளிர்க்கும். அதனால் அடியில் விதைத்த கம்புக்கு நிழல் விழாது, உதிர்ந்த இலை உரமாகும், தீவனம் இல்லாத மாதத்தில் நெற்று மாட்டுக்கு ஆகும். நமக்குப் பழகிய மரங்களும் அங்கே உண்டு. முருங்கைக் கீரை நைஜரில் தினசரிச் சாப்பாடு. மொரிங்கா என்ற பெயரே நம் முருங்கையிலிருந்து போனதுதான். புளி அங்கிருந்து வந்த மரம். வேம்பைச் சுவாஹிலியில் "முவாரொபாய்னி" என்பார்கள், நாற்பது நோய்க்கு மருந்து என்பதால் வந்த பெயர். நம் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கைக் கென்ய மலைநாட்டில் வரப்போரம் நட்டிருப்பதைப் பார்க்கலாம். சொந்த மரங்கள்தான் வேண்டும் என்று நாம் இங்கிருந்து அடம்பிடிக்கத் தேவையில்லை. யூகலிப்டஸை விவசாயி விரும்புவதும் முட்டாள்தனத்தால் இல்லை. கம்பம் விற்றால் பள்ளிக் கட்டணம் வரும். வயலோரம் நாலு இருக்கட்டும், ஊற்றுக்கும் ஓடைக்கும் பக்கத்தில் வேண்டாம் என்பதே நியாயமான எல்லை.

யாரிடம் கொடுப்பது, எப்படி அனுப்புவது

மேலே சொன்ன கேள்விகளையெல்லாம் ஒரே கடிதமாக எழுதி இரண்டு மூன்று அமைப்புகளுக்கு அனுப்புங்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள்: போன வருடம் நட்டதில் ஒரு வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருந்தன, எப்படி எண்ணினீர்கள், பட்டுப்போன இடத்தில் மறுநடவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? "நூற்றுக்கு நூறு பிழைத்தது" என்று சொல்பவரைவிட, "மழை பொய்த்தது, பாதி போய்விட்டது, இதைச் செய்தோம்" என்று எழுதுபவரை நம்பலாம். ஒரு டாலருக்கு ஒரு மரம் என்ற விளம்பரத்தைக் கண்டால், அந்த ஒரு டாலருக்குள் விதை, நாற்றுப் பை, வண்டி வாடகை, வேலி, இரண்டு வருடக் காவல் எல்லாம் எப்படி அடங்குகிறது என்று கேளுங்கள். சில இடத்தில் அடங்கவும் கூடும், ஊரார் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டால்.

நிறுவனங்களில் பசுமைப் பட்டை இயக்கத்தைச் சொல்லிவிட்டேன். சாஹேல் நாடுகளில் 1987 முதல் வேலை செய்யும் பிரிட்டிஷ் அமைப்பு ட்ரீ எய்ட். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து நடும் டிஸ்ட் திட்டம் தான்சானியாவில் 1999-இல் தொடங்கி, கென்யா, உகாண்டா, ஏன் தமிழ்நாடு வரைகூட வந்திருக்கிறது. இவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கார்பன் வரவு, அதாவது மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் திட்டமானால் ஒப்பந்தம் எத்தனை வருடம், விவசாயிக்குப் பங்கு எவ்வளவு என்பது முக்கியம். கென்யக் கடற்கரையில் காஸி விரிகுடா ஊர்க்காரர்கள் நடத்தும் மிகோகோ பமோஜா, 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டைக் காத்து, வரும் கார்பன் பணத்தை ஊர்த் தண்ணீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறது. செலவை ஊர்தான் முடிவு செய்கிறது, அதனால் எனக்கு அதன்மேல் மதிப்பு.

பணம் அனுப்பும் வழி சுருக்கமாக. இந்தியாவிலிருந்து, தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தின்கீழ் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்பலாம், வங்கியில் ஏ2 படிவம் கேட்பார்கள். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்ததற்கு 80ஜி வரிவிலக்கு கிடையாது. பிரிட்டனில் வரி கட்டும் தமிழர்கள் அங்கே பதிவான அறக்கட்டளைக்குக் கொடுத்து, கிஃப்ட் எய்ட் கட்டத்தில் டிக் செய்தால் ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசே சேர்க்கும். கென்யாவில் பெரும்பாலோர் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில்தான் பணம் வாங்குவார்கள், அது பரவாயில்லை. ஆனால் தனி ஆளின் கைபேசி எண்ணுக்கு அனுப்பாதீர்கள். குழுவின் பெயரில் கணக்கு இருக்க வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நமக்கு உற்சாகம் பொங்கும். கென்யாவில் அப்போது நீண்ட மழை முடிந்திருக்கும். நைஜரில் மழை தொடங்கும், ஆனால் அந்த மழைக்கு வேண்டிய கன்று ஜனவரியிலேயே நாற்றங்காலில் முளைத்திருக்க வேண்டும். நடவுக்கு ஐந்தாறு மாதம் முன்பே பணம் போய்ச் சேர வேண்டும். கென்யாவின் ஏப்ரல் நடவுக்கென்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள். தொகையையும் மூன்றாகப் பிரியுங்கள்: நாற்றங்காலுக்கு ஒன்று, நடவுக்கும் வேலிக்கும் ஒன்று, மூன்றாவது அடுத்த வருடத்துக்கு.

நேரில் போவதானால்

நட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். குழி வெட்ட அந்த ஊரில் நம்மைவிடப் பழகிய கைகள் இருக்கின்றன. போய்ப் பார்க்க, கேட்க, எண்ண என்றால் போகலாம், அந்த ஊருக்கு ஏற்ற மாதம் எது என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு. நம் வீட்டு விதைகளைப் பையில் போட்டு எடுத்துப் போகவே கூடாது. சட்டமும் விடாது, பாரிங்கோவின் ஆடும் மன்னிக்காது. கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பாலிதீன் கேரி பேக்குக்குத் தடை, பெட்டியில் துணி சுற்றிய கவர்களை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். கென்யா போய் இந்தியா திரும்புபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

இரண்டாம் வருடக் கடிதம்

முதல் நடவு முடிந்து ஒரு கோடை கழிந்ததும் எழுதுங்கள். கென்யா என்றால் ஜனவரியோ பிப்ரவரியோ சரியான நேரம். அக்டோபர்-டிசம்பர் குறு மழைக்குப் பின் வந்த வறட்சியில் எது நின்றது, எது போனது என்று தெரிந்திருக்கும், மார்ச் மழைக்குள் மறுநடவுக்கு ஏற்பாடும் செய்யலாம். நான் இப்போது எழுதும் குழுவுக்குக் கடிதத்தை "ஹபாரி ஸா மிச்சே?" என்று ஆரம்பிக்கிறேன், கன்றுகள் சௌக்கியமா என்று அர்த்தம். போன முறை பதில் ஒரு நோட்டுப் பக்கத்தின் புகைப்படமாக வந்தது. வரிசை வரிசையாகக் கோடு போட்டு எண்ணியிருந்தார்கள். முந்நூறில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஓரத்தில், ஓடைப் பக்க வரிசையை ஆடு தின்றுவிட்டது, முள்வேலிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கு. மூன்றாவது தவணையை அதற்குத்தான் அனுப்பினேன்.